வெண்டல் ஒளித்து வைத்த கத்தரிக்கோல்

என் தம்பி ஆர்னிக்கு நரம்பு நோய். அடுத்த குளிர்காலத்தைப் பார்க்க மாட்டான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வட விஸ்கான்சின் பனியில் இந்த உடம்போடு வேட்டைக்கு வராதே என்று நான் கத்தாத கத்தலா?

"படுக்கைல கெடக்கத்தான் போறேன் அக்கா, என்ன அவசரம்? நவம்பர்னா நான் காட்லதான் இருப்பேன். எல்லாரையும் மாதிரி."

எல்லாரையும் மாதிரி இருக்க வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான்.

வேட்டைப் பருவம் தொடங்கிய அன்று முழங்கால் வரை பனி. அவன் மகன் டூயேனும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவனை மரத்தில் கட்டிய பரணில் ஏற்றினோம். டூயேன் தன் இடத்துக்குப் போய்விட்டான். நான் தம்பி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். வெளிச்சம் வந்த கொஞ்ச நேரத்தில் தேவதாரு மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு கொம்பு மான் வந்தது. பக்கவாட்டில், படத்துக்கு நிற்கிற மாதிரி நின்றது. ஆர்னி சுட்டான். குண்டு பட்டு ஒரு கிளையிலிருந்து பனி கொட்டியது. பாழாய்ப்போன மான் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது.

நான் பயந்துகொண்டே அவன் முகத்தைப் பார்த்தேன். அவனோ சிரித்தான். "போச்சு! வெண்டலுக்கு இன்னிக்குக் கொண்டாட்டம்தான்."

எங்கள் வேட்டைக் குடிலில் குறி தவறியவனுக்கு அன்று மாலையே சட்டை வால் போய்விடும். பின்பக்கம் ஒரு துண்டு வெட்டிப் பெயரெழுதிச் சுவரில் ஆணி அடித்துவிடுவோம். சுவர் முழுக்கக் கட்டம் போட்ட துணிகள்தான். அதில் பாதி ஆர்னியும் அவன் பள்ளிக்கூட சிநேகிதன் வெண்டலும் ஒருத்தருக்கொருத்தர் வெட்டிக்கொண்டவை.

மாலை இருட்டியதும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து சாசேஜும் வேகவைத்த பீன்ஸும் சாப்பிட்டோம். தப்பிப்போன மானைத் தவிர மற்றதையெல்லாம் பேசினோம். ஆர்னியே ஆரம்பித்தான்.

"டேய் வெண்டல், எங்கடா கத்தரிக்கோல்?"

வெண்டல் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "காணோம்டா. எங்கயோ வச்சுட்டேன் போல."

"காணோமா? போன வருஷம் என்னைத் தொரத்தித் தொரத்தி வெட்டினியே!"

"நடுவுல கெளை வந்துச்சுல்ல? அது கணக்குல வராது."

"ஆமாம்ப்பா," என்றான் டூயேன். "விடுங்க."

ஆர்னியின் முகம் அப்படியே விழுந்துவிட்டது. மான் போனபோது கூட விழாத முகம்.

"உசுரோட இருக்கறவன் சட்டையத்தான் வெட்டுவீங்க, இல்ல? அப்போ நான் செத்தாச்சா?"

ஐயோ, அந்த வார்த்தை! வெண்டல் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவனுடைய பாசத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போட! அவன் கோட்டுப் பையில் கையை விட்டேன். கத்தரிக்கோல் அங்கேதான் இருந்தது.

"திரும்புடா," என்றேன் தம்பியிடம்.

திரும்பினான். சட்டையை வெளியே இழுத்தேன். ஆரஞ்சு வேட்டைக் கோட்டுக்குள் இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த முதுகு தெரிந்தது. சதையே இல்லை. எலும்பும் அதன் மேல் தோலும்தான். இந்த முதுகை நான் சின்ன வயதில் தேய்த்துக் குளிப்பாட்டியிருக்கிறேன். கண்ணீர் கண்ணை மறைத்தது, ஆனாலும் வெட்டினேன். பெரிதாகவே வெட்டினேன்.

"ஐயோ அக்கா, பாதிச் சட்டை போச்சு!" என்று அலறினான் ஆர்னி.

"அவ்ளோ பெரிய மானை விட்டவனுக்கு இது கம்மி," என்றேன்.

வெண்டல் எழுந்தான். "களஞ்சியத்துக்குள்ள நின்னு சுட்டாலும் செவுத்துல படாதுடா உனக்கு," என்றான். குரல் நடுங்கியது. ஆனால் சொல்லிவிட்டான். துணியை வாங்கிச் சுவரில் அடித்தான். ஆர்னி இருமல் வருகிற வரைக்கும் சிரித்தான்.

பிறகு வெண்டலைக் காணவில்லை. வெளியே போய்ப் பார்த்தேன். விறகுக் குவியலுக்குப் பின்னால், கொட்டுகிற பனியில் கோட்டு கூட இல்லாமல் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தான்.

"அடுத்த வருஷம் நான் யாரத் திட்டுவேன் டெல்லாக்கா?"

அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். உள்ளேயிருந்து ஆர்னியின் குரல் வந்தது.

"எங்கடா ஓடிட்ட? வந்து சீட்டைப் போடு! என்னால கலைக்க முடியாது."

வெண்டல் ஒரு கை பனியை அள்ளி முகத்தில் தேய்த்துக்கொண்டான்.

"வர்றேண்டா, குருட்டுப் பயலே," என்று கத்தினான்.