ஜாடிக்குப் பின்னால் ஒரு மூலை

மாடி வீட்டு ஓரகத்தி சுவரடியில் முழங்கால் உயரத்துக்குத் தேக்குப் பலகை பதித்து மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கீழ் வீட்டுக்காரிக்கு வாயில் போட்ட எதுவும் ருசிக்கவில்லை. வயிறு எரிகிறது என்பது வெறும் பேச்சில்லை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை நாத்தனார் வருகிறாள், பத்து நாள் தங்க. வருஷா வருஷம் மாடியில்தான் பெட்டியை வைப்பாள். "அங்கதான் வீடு வீடா இருக்கு" என்று போன தடவை அவள் சொன்னது இன்னும் காதில் உறுத்தியது. இந்த முறை அந்தப் பெட்டி கீழே இறங்க வேண்டும்.

தேக்குக்கு வழியில்லை. மாலை நேரத் தச்சு வகுப்பில் கற்ற ஒரு வித்தை கைவசம் இருந்தது. சுவரடியில் ஏற்கெனவே இருந்த ஒல்லிப் பலகைக்கு ஒரு சாண் மேலே 'பீடிங்' என்கிற விரலகல மரச்சட்டத்தை அடித்து, நடுவிலுள்ள சுவரையும் சேர்த்து வெள்ளை பெயிண்ட் பூசினால், எல்லாம் ஒரே அகலப் பலகை என்று கண் நம்பிவிடும். மூன்று முறை அளந்து நோட்டில் குறித்தாள். சந்தேகம் தீராமல் நான்காம் முறையும் அளந்தாள்.

"சுவர் ஓடியா போயிடும்? எத்தனை தடவை அளப்பே?" என்றான் கணவன்.

"உங்க அண்ணன் வீட்டுச் சுவரைப் பாத்து வாயைப் பிளந்தீங்களே, அப்போ கேள்வி ஒண்ணும் வரலையா?"

அவன் செய்தித்தாளுக்குள் புகுந்துகொண்டான்.

எல்லாம் பொருந்தியது, ஜன்னலோர மூலையைத் தவிர. வகுப்பில் சொன்ன கோணத்தில்தான் அறுத்திருந்தாள். ஆனாலும் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. முதலில் தன் கையைத்தான் திட்டிக்கொண்டாள். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால், சுவரே கோணல். அப்போதுதான் பொறி தட்டியது. கீழும் மேலும் ஒரே கொத்தனார் கட்டியதாயிற்றே. மாடியிலும் அந்த மூலை கோணலாகத்தானே இருக்க வேண்டும்? அங்கேதான் ஓரகத்தி இடுப்புயரப் பூஜாடி ஒன்றை வைத்திருந்தாள்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லிச் சாவியைக் கொடுத்துவிட்டு அவர்கள் வெளியூர் போன அன்று, ஜாடியை நகர்த்திப் பார்த்தாள். தேக்கிலும் அதே சுண்டுவிரல் இடைவெளி. மூன்று மாதத்தில் முதல் முறையாக அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

தன் மூலையை மட்டும் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் தேய்த்து, பெயிண்ட் பூசி மறைத்தாள்.

சனிக்கிழமை காலை நாத்தனாரை அழைத்துக்கொண்டு ஓரகத்தி கீழே வந்தாள். வேறெதையும் பார்க்காமல் நேராக அந்த மூலைக்குப் போய், குனிந்து விரலால் தடவினாள். நாத்தனார் காதில் விழாதபடி, "இதை எப்படிடி அடைச்சே?" என்றாள்.

கீழ் வீட்டுக்காரியின் நாக்கு முந்திக்கொண்டது. "உங்களுக்கு எதுக்குக்கா அதெல்லாம்? ஜாடிதான் அழகா மறைச்சிட்டு நிக்குதே."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. ஓரகத்தி நிமிர்ந்தாள்.

"ஓஹோ. செடிக்குத் தண்ணி ஊத்தச் சாவி குடுத்தா, ஜாடியையே நகத்திப் பாத்தியா?"

கீழ் வீட்டுக்காரி குனிந்து, பலகையில் இல்லாத தூசியைத் துடைத்தாள்.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்லை அண்ணி. இவளுக்கு என் வீட்டு மேல ரொம்ப அக்கறை." ஓரகத்தி குரலைத் தாழ்த்தினாள். "பசையை எடுத்துட்டு வா. மத்தியானம் அண்ணி தூங்கி எழறதுக்குள்ள அடைச்சிக் குடு. சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம்."

மறுக்க முகமில்லை. மாடிக்குப் போய், அங்கே மிச்சமிருந்த தேக்குத் துண்டைத் தேய்த்துத் தூளாக்கி, குழைத்து அடைத்து, காய்ந்ததும் வார்னிஷ் பூசினாள். இடைவெளி இருந்த இடம் அவளுக்கே தெரியவில்லை. தன் வீட்டு மூலைகூட இத்தனை நேர்த்தியாக வரவில்லை. அதுவும் உள்ளே சுருக்கென்றது.

சாயங்காலம் நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு, பெட்டியோடு இறங்கி வந்தாள்.

"மேல வார்னிஷ் நாத்தம், தலையைச் சுத்துது. இந்தத் தடவை இங்கயே இருந்துடறேன்."

கீழ் வீட்டுக்காரி பெட்டியை வாங்கி உள்ளே வைத்தாள். நாத்தனார் நாற்காலியில் சாய்ந்து சுவரைச் சுற்றிலும் பார்த்தாள். இப்போது ஏதாவது சொல்வாள் என்று இவள் புடவைத் தலைப்பை முறுக்கியபடி நின்றாள்.

"மேல அந்த ஜாடியை எடுத்துட்டாங்க, பாத்தியா? அந்த மூலை எவ்வளவு அம்சமா இருக்கு. அந்த ஆசாரி கைகாரன்தான்."

அது தன் கை வேலை என்று சொல்லக் கீழ் வீட்டுக்காரி வாயைத் திறந்தாள். ஜாடியை நகர்த்திப் பார்த்தது ஞாபகம் வந்தது.

"தண்ணி கொண்டு வரேன் அண்ணி" என்று சமையலறைக்குப் போனாள்.