வெல்டர் வேண்டிய கோளாறு

அறுபத்தொரு வயதுவரை ஜலதோஷத்துக்குக்கூட மாத்திரை போட்டறியாத வெல்டர், தன் ரத்தத்தில் ஒரு கோளாறு இருந்தே தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்தார். சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவருடைய ஒரே மகளுக்கு வீட்டில் பெயர் நெட்டை. கல்யாணமாகி ஒரு வருஷம். கண்ணுக்குள் லென்ஸ் நகர்ந்திருக்கிறதென்று போனவளை மரபணுப் பரிசோதனைவரை அனுப்பிவிட்டார்கள். உடம்பைச் சேர்த்துப் பிடித்திருக்கும் நார்களை உண்டாக்குகிற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறதாம். அது ஆபத்தா, சும்மா கிடப்பதா என்று லேபுக்குச் சொல்லத் தெரியவில்லை. தெரியும்வரை குழந்தை வேண்டாம் என்றார் டாக்டர்.

"அதே மாற்றம் உங்களுக்கும் இருந்தா பெரும்பாலும் பயமில்லைங்க. இந்த வயசுலயும் கல்லு மாதிரி இருக்கீங்களே. இல்லன்னா, அவங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கும்."

அம்மா முப்பத்து நாலு வயதில், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்திருக்கலாம் என்று இருபது வருஷம் கழித்து இப்போது சொல்கிறார்கள், புண்ணியவான்கள்.

வெல்டர் ரத்தம் கொடுத்துவிட்டு ஆறு வாரம் தன் உடம்பில் குறை தேடினார். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு விரித்த கை உயரத்தைவிட நீளமாம்; கைகளை விரித்துச் சுவரில் டேப் பிடித்தார். கட்டைவிரலை உள்ளே வைத்துக் கைமூடினால் நெட்டைக்கு நுனி மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இவரும் மூடி மூடி இழுத்தார். கட்டை குட்டைக் கை, எங்கே எட்டுகிறது!

"ஒடிச்சுக்காதீங்கப்பா," என்று சிரித்தாள் மகள்.

"எனக்கு இருக்கும்டி. என் மூக்கு உனக்கு வந்திருக்கு, இது வந்திருக்காதா?"

சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார்.

முடிவு வந்த அன்று நெட்டை எக்கோ எடுக்கப் போயிருந்தாள். டாக்டர் காகிதத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"உங்களுக்கு அது இல்லைங்க."

"ட்யூப் மாறியிருக்கும். இன்னொரு வாட்டி எடுங்க." சட்டைக்கையை மடக்கி நீட்டினார்.

"ரெண்டு தடவை பாத்தாச்சு. பொண்ணு வந்ததும் கூட்டிட்டு வாங்க, நானே சொல்றேன்."

தன் நல்ல உடம்பின்மேல் வெல்டருக்கு வந்த வெறுப்பு சொல்லி மாளாது.

வெளியே பெஞ்சில் இருந்த நெட்டை அவரைப் பார்த்ததும் எழுந்தாள். "என்னப்பா சொன்னாங்க?"

"எனக்கும் இருக்காம்," என்றார்.

எதற்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. வாய் சொல்லிவிட்டது. அவள் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள், உடனே சிரித்தாள், புருஷனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அப்பாவுக்கும் இருக்காம்! நமக்கு இனி பயமில்லைங்க. கேக்குதா? குழந்தை பெத்துக்கலாங்க!"

உள்ளேயிருந்து டாக்டர் கதவைப் பாதி திறந்தார். வெல்டர் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துச் சாத்தினார். அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.