ரீல் முடிந்த பிறகு வந்த பதில்

படம் பிடிக்கிறவன் எவனையும் சுடலைமுத்து வாசலில் அண்ட விடமாட்டார். மஸ்கெலியாத் தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒருவன் வந்து, பிரஜாவுரிமைப் படிவத்துக்கு என்று சொல்லிக் குடும்பத்தையே லயத்து வீட்டுச் சுவரோடு நிறுத்திப் படம் பிடித்தான். ஆறு மாதம் கழித்துத் தம்பி ஆண்டியப்பன் பெண்டாட்டி பிள்ளைகளோடு இந்தியாவுக்குக் கப்பலேறினான். இந்தியாவுக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தது என்னவோ ஆண்டியப்பன்தான். ஆனாலும் தம்பியைத் திட்டி முடிந்த பிறகு மிச்சக் கோபத்தை எங்காவது இறக்க வேண்டுமே. படம் பிடித்தவன் தலையில் இறக்கினார்.

அது எழுபத்தி நாலு. எழுபத்தேழுக் கலவரம் துரத்தியதில் அவரும் பெண்டாட்டி பேச்சியம்மாவும் நெடுங்கேணிக் காட்டோரத்தில் வந்து விழுந்தார்கள். காடு வெட்டி, உழுந்து போட்டு, நாலு ஆடும் கட்டி, இப்போது ஐந்து வருசம். தம்பி கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருப்பதாகக் கேள்வி. கடிதம் கிடையாது. இருவருக்கும் எழுத்து வராது. மற்றவன் கையால் எழுதுவிக்க இருவருக்கும் மனம் வராது.

இந்த நிலையில்தான் பரமலிங்கம் சைக்கிளில் வந்து இறங்கினான். நெடுங்கேணிச் சந்தியில் ரேடியோ திருத்துகிறவன். லண்டனில் இருக்கும் தமக்கை அனுப்பிய கமரா ஒன்று கழுத்தில் தொங்கியது.

"ஐயா, இது சினிமா இல்லை. சனம் இப்ப கசெற்றில குரல் பதிஞ்சு அனுப்புதுகளல்லோ, அதைத்தான் எடுக்கிறன். ஒருத்தரும் காசு தரேல்லை, ஒருத்தரும் கேக்கவுமில்லை. என்ரை விருப்பத்துக்கு எடுக்கிறன்."

"எதுக்கு?"

"ஒரு மிசின் எப்பிடி மனிசரைச் சேர்த்து வைக்குதெண்டு காட்ட."

"மிசினு மனுசன சேத்து வைக்காது தம்பி. நெல்லு குத்தும். போயிட்டு வா."

பரமலிங்கம் போகவில்லை. கூடவே வந்த மீராசாகிபுதான் அவனுக்குத் துணிச்சல். அவர் சந்தியில் துணிக்கடை வைத்திருப்பவர்; ஊரே அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும். சேலை எடுக்கத் தலைமன்னாரில் கப்பலேறித் திருச்சி வரை போய்வருகிறவர். கையில் குரல் பதியும் பெட்டி, மகள் மஸீனாவின் ரேப் ரெக்கோடர். மஸீனாவின் மாப்பிள்ளை குவைத்தில் இருந்து அனுப்பியது.

"முத்தண்ணை, அடுத்த கிழமை நான் திருச்சிக்குப் போறன். உங்கட தம்பிக்கு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அங்கயிருந்து கோத்தகிரித் தோட்டத்து விலாசத்துக்குப் பார்சலில போட்டுவிடுறன்."

"அவன்கிட்டச் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல நானா."

பேச்சியம்மா ஆட்டுக்குக் குழை போட்டபடியே சொன்னாள்: "அப்ப நான் மட்டும் பேசிக்கிறேன். அண்ணே எங்கன்னு கொழுந்தன் கேட்டா, செத்துப் போயிட்டாருன்னு சொல்லிடுறேன். ஆறு வருசம் கழிச்சு அழுவட்டும்."

"அடியே!"

"எட்டு வருசம். கணக்கு எனக்கு வராது," என்று பேச்சியம்மா திருத்திக்கொண்டாள்.

சுடலைமுத்து துண்டை உதறித் தோளில் போட்டார். "கொண்டா அந்தப் பெட்டிய."

பாலை மரத்தின் கீழ் பாய் விரித்தார்கள். முதலில் பேச்சியம்மா பேசினாள். ஆடு குட்டி போட்டது, கிணறு வெட்டியது, முழங்கால் வலி, குரங்குத் தொல்லை. ஊசி நுழைய இடம் விடாமல் பேசினாள். பரமலிங்கம் கமராவைத் தொடவில்லை. அவனிடம் ஒரே ஒரு ரீல்தான் மிச்சம். மூன்று நிமிசம் ஓடும். அது கிழவருக்கு.

சுடலைமுத்து ரேப் ரெக்கோடருக்கு முன்னால் குந்தினார். கமரா கிர்ரென்று ஓடத் தொடங்கியது.

"டேய் ஆண்டி," என்றார். நிறுத்திக் காதைச் சாய்த்தார்.

பத்து எண்ணலாம். பரமலிங்கம் கையால் சைகை காட்டினான். கிழவர் அவனைப் பார்க்கவேயில்லை.

"அங்க மழ பேயுதா?"

மறுபடி நிறுத்தம். மறுபடி காது.

பிறகு தலையைக் குனிந்து, பாயின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டு சொன்னார்: "ரயிலடிக்கு நான் வரல்லடா."

அதன் பிறகு அவர் வாய் திறக்கவில்லை. ஒரு ஆடு கத்தியது. கமரா கடகடவென்று அடித்து நின்றது. ரீல் முடிந்துவிட்டது.

"போச்சு!" பரமலிங்கம் தலையில் கை வைத்தான். "ஐயா, ஏன் கதைக்காம இருந்தனீங்கள்? முழு ரீலும் சும்மா போச்சே!"

"கேட்டா அவன் பதில் சொல்ல வேணாமா?"

"இது ரெலிபோன் இல்லை ஐயா!"

"என்னவா இருந்தா என்ன. கேட்டுட்டு நிக்கணும். நிக்காமப் பேசுறவன் கிறுக்கன்."

அது தோட்டத்துப் பழக்கம். அண்ணன் ஒரு மலைச்சரிவில், தம்பி எதிர்ச் சரிவில், நடுவில் பள்ளத்தாக்கு. "ஓய்!" என்று கூப்பிட்டால் முதலில் வருவது மலையின் எதிரொலி. அதை நம்பிப் பேசக்கூடாது. பொறுத்து நின்றால் பின்னால் வருவதுதான் மனிசன் குரல். பதினைந்து வருசம் அண்ணனும் தம்பியும் இப்படித்தான் கதைத்தார்கள்.

ஆனால் கடைசியாகச் சொன்ன சொல் அவரை உறுத்தியது. தம்பி கப்பலுக்குப் போக ரயிலேறிய அன்று ரயிலடிக்கு அவர் போகவில்லை, உண்மை. "நீ போனா எனக்குத் தம்பியே இல்ல" என்று சொன்ன வாய், எப்படிப் போவது? ஆனால் அன்று காலையில் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, தண்டவாளத்துக்கு மேலே தேயிலைக்குள் நின்றார். ரயில் வளைவில் மறையும் வரை நின்றார். பேச்சியம்மாவுக்குக்கூட அது தெரியாது. சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது பாதிதான்.

இரண்டு மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. சந்திக்குப் போகும்போதெல்லாம் மீராசாகிபு கடையில் நின்று, "திருச்சியில வெயிலா நானா?" என்று கேட்பார். வேறு எதுவும் கேட்கமாட்டார்.

மீராசாகிபு அடுத்த முறை போய்த் திரும்பியபோது, தம்பி திருச்சிக்குத் திருப்பி அனுப்பியிருந்த அதே கசெற் வந்தது. சுடலைமுத்து அதைக் கையால் தொடவில்லை.

"அவன் ஏசியிருப்பான். ஏச்ச வேற கப்பலேத்தி எறக்கிக் கேக்கணுமா?"

பேச்சியம்மா கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தாள். வரும்போது சிரித்துக்கொண்டு வந்தாள். கண்ணையும் துடைத்துக்கொண்டு வந்தாள். என்ன சொன்னான் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் அவள் சமைக்கிற குசினி வாசலில் மூன்று தரம் செருமினார்.

"வேணும்னா நீங்களே வந்து கேளுங்க," என்றாள். "சனிக்கிழம படம் போடுறாங்களாம்."

சனிக்கிழமை காலை, கூட்டுறவுச் சங்கத்து நெல்லுக் களஞ்சியத்தில் யன்னல்களை எல்லாம் சாக்கால் அடைத்து இருட்டாக்கினார்கள். மீராசாகிபு கடையின் வெட்டாத வெள்ளைத் துணி சுவரில் தொங்கியது. ஜெனரேற்றர் சத்தம் கேட்காதபடி தூரத்தில் மாமரத்தடியில் ஓடியது. ஊரே வந்துவிட்டது. சுடலைமுத்து வாசலில் நின்றார்.

"உள்ள வாங்கோ ஐயா," என்றான் பரமலிங்கம்.

"ஆட்டத் தேடி வந்தேன்."

"ஆடு உள்ளதான் இருக்குது, வாங்கோ."

படம் ஓடியது. மஸீனாவின் சின்ன மகள் திரையில் வந்தாள். குவைத்து வாப்பாவின் குரல் பெட்டிக்குள் இருந்து வர, பிள்ளை ஒரு பிடி சோற்றை எடுத்து ரேப் ரெக்கோடரின் வாயில் திணித்தது. களஞ்சியம் சிரிப்பில் ஆடியது. "அந்தச் சோத்தை நான் ஊசியால தோண்டி எடுத்தனான்!" என்று பரமலிங்கம் கத்தினான்.

பிறகு பாலை மரம் வந்தது. அதன் கீழே ஒரு கிழவன்.

"இது யாரு, பனங்கொட்ட மாதிரி?" என்றார் சுடலைமுத்து.

"நீங்கதான்," என்றாள் பேச்சியம்மா.

பரமலிங்கம் கசெற்றைத் தட்டிவிட்டான். திரையில் கிழவனின் வாய் அசைந்தது. 'டேய் ஆண்டி' என்றது பெட்டி. திரைக்கிழவன் காதைச் சாய்த்தான்.

"சொல்லுண்ணே!"

களஞ்சியத்துக் கிழவர் துள்ளி எழுந்தார். ஆண்டியப்பனேதான். சளி கட்டிய அதே தொண்டை. அண்ணன் பேசாமல் விட்ட இடத்தில், அங்கே இருந்து பதிந்து அனுப்பியிருக்கிறான். எதிர்ச் சரிவில் நின்றவனுக்கு அல்லவா தெரியும், எந்த இடத்தில் பேச வேண்டுமென்று!

'அங்க மழ பேயுதா?'

"பேயுது பேயுது. துணி காயவே மாட்டேங்குது. ஒனக்குத்தான் அங்க வெயிலு, தலையில துண்டக் கட்டிக்க."

சனம் கைதட்டியது. சுடலைமுத்து "உஸ்!" என்று அதட்டினார். திரையில் கிழவன் தலை குனிந்து பாயைக் கீறினான்.

'ரயிலடிக்கு நான் வரல்லடா.'

"பொய் சொல்லாதண்ணே. தேயிலைக்குள்ள கம்பளியப் போத்திக்கிட்டு நின்ன. நான் யன்னல்ல தலைய நீட்டிப் பாத்தேன். ஓய்ன்னு கூப்பிட்டேன். ரயிலு சத்தத்துல ஒனக்குக் கேக்கல."

திரை வெள்ளையாகிவிட்டது. ரீல் முடிந்து வால் சுற்றிப் படபடத்தது. ஆனால் கசெற் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்பக் கூப்பிடுறேன், கேக்குதா பாரு. ஓய்...!"

அதற்குப் பிறகு வெறும் இரைச்சல். ஆண்டியப்பன் அங்கே நிற்கிறான்.

சுடலைமுத்து இரண்டு கையையும் வாயில் குவித்து, வெள்ளைத் துணியைப் பார்த்து, மலையே கேட்கிற மாதிரி குரல் கொடுத்தார்:

"ஓய்ய்ய்!"

தகரக் கூரை அதிர்ந்தது. பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஓய்" போட்டன. பேச்சியம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துச் சிரித்தாள். பரமலிங்கம்தான் கமராவைத் திறந்து பார்த்துவிட்டு அழாக்குறையாக நின்றான்.

"ஐயா, ரீல் இல்லை! இதையெல்லோ எடுத்திருக்கவேணும்!"

"ஒன் ரீலு யாருக்கு வேணும்? பெட்டியில பதி. நானா அடுத்த கப்பலுக்குப் போறாரில்ல."

மஸீனா புதுக் கசெற் ஒன்றைப் போட்டுச் குரல் பதிகிற சிவப்புக் கட்டையை அமத்தினாள். சுடலைமுத்து துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, இன்னொரு தரம் கூப்பிட்டார். முதல் தரத்தைவிடப் பெரிசாக.

சனம் மறுபடி சிரிக்கத் தொடங்கியது. அவர் கையை உயர்த்தினார்.

"எல்லாரும் வாயப் பொத்துங்க. அவன் பதில் சொல்லட்டும்."