பந்தல் கல்லில் கட்டியவர்

உத்தமபாளையத்துக்கு வெளியே இருந்த அந்த மனநலக் காப்பகத்துக்குள் வேல்பாண்டியை அவருடைய மகன்கள் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தபோது, நர்ஸ் நாகஜோதிக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வாடா மகனே வா! பதினெட்டு வருஷமாக இந்த மூஞ்சிக்குத்தானே காத்துக் கிடந்தாள்.

சொந்த ஊரான தேவாரத்தில் அவளுடைய அம்மா இருளம்மாள் புத்தி பேதலித்து அலைந்த காலத்தில், இவருடைய தோட்டத்தில் நாலு குலை திராட்சையைப் பறித்துத் தின்றுவிட்டாள். அதற்கு இந்தப் புண்ணியவான் அவளைத் திராட்சைக் கொடி படர நட்டிருந்த பந்தல் கல்லோடு சேர்த்துக் கட்டி, பகல் முழுக்க வெயிலில் நிறுத்தினார். ஊரே வேடிக்கை பார்த்தது. மறுநாள் அம்மா கிணற்றில் மிதந்தாள். நாகஜோதிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இப்போது அவருக்கே புத்தி தடுமாறிவிட்டது. யாரோ துரத்துகிறார்கள் என்று கட்டிலுக்கடியில் ஒளிந்தார். பெயர் கேட்டால் முழித்தார். நாகஜோதிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒன்றும் உறைக்காத ஆளைத் திட்டி என்ன பிரயோஜனம்? முதலில் தெளியட்டும். பிறகு மூஞ்சிக்கு நேரே, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும். அதற்காகவாவது இவரைத் தேற்றியே தீருவது என்று முடிவுகட்டினாள்.

நாற்பத்திரண்டு நோயாளிகளுக்கு ஒரு ஷிப்டில் இரண்டே நர்ஸ். மாத்திரையைக் கொடுத்து, முழுங்கியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓட வேண்டும். நின்று “சாப்பிட்டீகளா” என்று கேட்க ஏது நேரம்? வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பரிவெல்லாம் ஒரே வருஷத்தில் வற்றிப்போயிற்று. ஆனால் பகைக்கு மட்டும் எங்கிருந்தோ நேரம் கிடைத்தது. வேல்பாண்டிக்குக் கஞ்சி ஊட்டினாள், நகம் வெட்டினாள், பயந்து கத்தினால் பக்கத்தில் உட்கார்ந்தாள். மருந்தால் அவருக்குக் கை நடுங்குகிறது என்று டாக்டரிடம் சண்டைபோட்டு மருந்தை மாற்றவைத்தாள்.

“அக்கா, உங்களுக்கு எம்புட்டுப் பெரிய மனசு!” என்றாள் கூட வேலை பார்க்கும் ஷெரின்.

“ஆமாடி, ரொம்பப் பெரிசு,” என்றாள் நாகஜோதி.

ஐந்தாவது வாரம் ஆள் தெளிந்துவிட்டார். வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மகன்கள் வருவதற்குள் நாகஜோதி ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

“என்னைய யாருன்னு தெரியுதா?”

“இருளம்மா மக,” என்றார் அவர். “தெளிஞ்ச அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு தாயி. அப்படியே அவ சாடை. நான் செஞ்ச பாவத்துக்கு நீ சோறு ஊட்டுன பாரு, அப்பவே மனசு லேசாயிருச்சு. என்னைய மன்னிச்சுட்டேல்ல ஆத்தா?”

கும்பிட்டார். முகத்தில் அப்படியொரு நிம்மதி. நாகஜோதிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அடப்பாவி, இவ்வளவு லேசாகவா!

“யாருய்யா மன்னிச்சா? எங்காத்தாவுக்கும் ஒனக்கு வந்த இதே வியாதிதான்,” என்றாள். கேட்க நினைத்த நாலு கேள்வியும் மறந்துபோயிற்று. “அஞ்சே வாரம். நாலு மாத்திர, பக்கத்துல ஒரு ஆளு. அவளும் இப்பிடித்தான் தெளிஞ்சு எந்திரிச்சு உக்காந்திருப்பா. நீ கயித்த எடுத்துட்டு வந்த.”

கும்பிட்ட கை மடியில் விழுந்தது.

மகன்கள் வந்துவிட்டார்கள். நாகஜோதி மாத்திரைப் பையைப் பெரியவனிடம் கொடுத்தாள்.

“ஒரு வேள கூட விட்றாதீகண்ணே. அப்பாவுக்குப் புத்தி தெளிவாவே இருக்கணும். எல்லாம் ஞாபகத்துல நிக்கணும்.”