எல்லா வயதினரும் பார்க்கலாம்

டிவி தொடர்களை யார் யார் பார்க்கலாம் என்று முத்திரை குத்தும் அலுவலகத்தில் அவள் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அன்று பார்த்த தொடரில் ஒரு மருமகள், மாமனாரை ஏமாற்றி வீட்டை எழுதி வாங்கிக்கொண்டு தெருவில் விட்டாள். அதற்குப் பின்னணியில் சிரிப்புச் சத்தம் வேறு.

"இதைக் குழந்தைங்க பார்க்கலாமா சார்?"

"ரத்தம் இருக்கா, முத்தம் இருக்கா?" என்றார் தலைவர். "தெருவுல நிக்கிற பெரியவர் சிகரெட் பத்த வைக்கிறாரே, அதுதாம்மா தப்பு. அதை மட்டும் வெட்டிட்டு, எல்லாரும் பார்க்கலாம்னு போடுங்க."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

தொடர் வந்த அன்று அவள் வீடே விழுந்து விழுந்து சிரித்தது. "இதுக்கு ஓகே சொன்னது எங்கம்மாதான் தாத்தா!" என்று மகள் பீற்றிக்கொண்டாள். இத்தனை வருஷம் ஆணியில் தொங்கிய பீரோ சாவி, மறுநாளிலிருந்து அவளுடைய மாமனார் இடுப்புக்கு வந்துவிட்டது.