பதிமூன்றாம் வீட்டுச் சிபாரிசு

“புத்தகம் குடுக்குறீங்களா, இல்ல எம் புள்ளைக்கு மருந்து வைக்கிறீங்களா டீச்சர்?”

“தவமலர் அக்கா, அது மண்ணு, மழையப் பத்துன புத்தகம் லா. பேய்க்கதை ஒன்னும் இல்ல.”

“பேய்க்கதைன்னா படிச்சிட்டுத் தூங்கிரும். இது நெஜம், நெஜம்னு சொல்லிக்கிட்டு அடுப்படிக்குப் பின்னால குச்சி நட்டு அளக்குது.”

தவமலர் தேயிலைக் கொழுந்தை எடை போட்ட கையோடு கூடையைக்கூட இறக்காமல் வந்து நின்றாள். ஒட்டி ஒட்டிக் கட்டிய தோட்டத்து வீட்டு வரிசையான எங்கள் லயத்தின் கடைசியில் அவள் பன்னிரண்டாம் நம்பர்; நான் பதினொன்று. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அவள் வீட்டில் மீன் பொரிந்தால் என்ன மீன் என்று நான் சொல்லிவிடுவேன். அன்றும் தற்செயலாகப் போவதுபோல வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். குழாய் எதிர்த்திசையில் இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை.

முன்பு கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் ஆயாக்கொட்டகையில்தான் உமாதேவி டீச்சர் சனிக்கிழமைகளில் புத்தக அலமாரியைத் திறந்து வைப்பாள். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கதையைப் போன் சொல்லிவிடும், நிஜத்தை யார் சொல்வது என்பது அவள் கட்சி. எரிமலை, எலும்பு, எறும்பு என்று ஆளுக்கு ஏற்றபடி எடுத்துக் கொடுப்பாள். பாம்புக்குப் பயந்த புனிதாவுக்குப் பாம்புப் புத்தகம். அந்தப் பிள்ளை இப்போது தேயிலைக் காட்டில் எந்தப் பாம்புக்கு விஷம் இல்லை என்று விளக்குகிறது. பெண்கள் முன்னைவிட அதிகம் பயப்படுகிறார்கள்.

படித்து முடித்தவர் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய சீட்டில், அடுத்து யார் படிக்கலாம் என்று ஒரு வரி சிபாரிசு எழுத வேண்டும். லயத்தில் இரண்டு புனிதா, மூன்று ரூபன். ஆகவே பேர் கிடையாது, வீட்டு நம்பர்தான்.

தவமலர் கூடையிலிருந்து புத்தகத்தை எடுத்து அந்தச் சீட்டை விரித்துக் காட்டினாள். பிள்ளைக் கையெழுத்து, பென்சில்.

‘பன்னிரண்டாம் நம்பருக்கு. சீக்கிரம் படிக்கவும். இப்படிக்கு, பதிமூன்று.’

எங்கள் லயத்தில் பன்னிரண்டு வாசல்தான்.

“எவனோ வெளையாடியிருக்கான்,” என்றாள் டீச்சர்.

வாயை மூடிக்கொண்டிருப்பது எனக்குப் பழக்கமில்லை. அன்று மூடிக்கொண்டேன். நான் கல்யாணமாகி வந்த வருஷம் பதிமூன்று இருந்தது. நவம்பர் மழையில் ஒரு பட்டப்பகலில், பெரியவர்கள் வேலைக்குப் போயிருந்தபோது சரிந்தது. உள்ளே காய்ச்சலோடு ஒரு பெண் பிள்ளை. அந்த இடத்தில் பிறகு தேயிலை வைத்தார்கள். அந்த இருபது செடியில் மட்டும் இன்றுவரை யாரும் கொழுந்து எடுப்பதில்லை. ஏன் என்று யாரும் சொல்லிக்கொள்வதுமில்லை.

அப்போது தவமலரின் மகள் தனுஜா ஸ்கேலோடு வந்து நின்றது. மண்ணில் விழுந்த வெடிப்புக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஒட்டி ஒட்டி இரண்டு குச்சி நட வேண்டும், இடைவெளி விழுந்தால் மண் நகர்கிறது. புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறதாம்.

“திங்கக்கெழம ஒரு வெரல்மா. இன்னிக்கி மூனு.”

தவமலர் போய்க் குச்சிகளைப் பிடுங்கி அடுப்பில் வைத்தாள். மறுநாள் பிள்ளை திரும்ப நட்டது. மூன்றாம் நாள் தவமலர் என் வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, எங்க வீட்டுக்கு அந்தாண்ட முன்ன வீடு இருந்துச்சா?”

கேட்ட பிறகு சொல்லாமல் இருக்க முடியுமா? அந்தப் பிள்ளைக்குப் போர்த்தியிருந்த கம்பளியின் நிறம் வரை சொன்னேன்.

மறுநாள் காலையே மூட்டை கட்டி, ரிங்லெட் டவுனில் இருக்கும் தவமலரின் அண்ணன் சிங்காரம் வீட்டுக்குப் போய்விட்டார்கள். புத்தகத்துக்குப் பயந்து ஓடிய குடும்பம் என்று லயமே சிரித்தது. எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரித்தேன். ஒன்பதாம் நாள் மத்தியானம் பன்னிரண்டாம் நம்பரின் அடுப்படி கீழே போனது. லாரியிலிருந்து ஈர மூட்டையை இறக்குவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். தோட்டத்து ஆபீஸிலிருந்து வந்து மஞ்சள் நாடா கட்டி, பதினொன்றுக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள்.

தவமலர் குடும்பம் ரிங்லெட்டோடு தங்கிவிட்டது. உமாதேவி டீச்சர், கியா பார்மில் காய்கறி லாரி ஓட்டும் குணாளனைக் கட்டிக்கொண்டு பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்விட்டாள். யாரும் பார்த்திராத ஓர் அக்கா மகனுக்காக வாராவாரம் புத்தகம் வாங்க வந்தவன் அவன். எனக்கு அப்போதே தெரியும். அலமாரிச் சாவி இப்போது என்னிடம்.

போன சனிக்கிழமை தூசி தட்டும்போது அந்த மண் புத்தகம் அதன் இடத்தில் இருந்தது. ஓரமெல்லாம் செம்மண். தனுஜாவுக்குப் போன் போட்டேன்.

“நான் திருப்பிக் குடுக்கவே இல்ல ஆன்ட்டி. அது அடுப்படியிலதான் இருந்துச்சு.”

சீட்டில் அதே பென்சில் எழுத்து. ‘பதினோராம் நம்பருக்கு.’

ஞாயிற்றுக்கிழமை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, என் அடுப்படிக்குப் பின்னால் மயிரிழை போல ஓடிய கோட்டின் இரு பக்கமும் ஒட்டி ஒட்டி இரண்டு குச்சி நட்டேன். இன்று காலை மூடுபனிக்குள் குனிந்து, நடுவில் விரலை வைத்தேன். பக்கத்தில் இன்னொரு விரலுக்கும் இடம் இருந்தது.