இரண்டு கையும் வேலையாக

ஐந்தாம் நம்பர் இஸ்திரி பிரஸ் மட்டும் மெதுவாக இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. சலவைக்கு வந்த சட்டையை விரித்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அழுத்தினால்தான் சூடான மேல்தகடு இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. மற்ற ஐந்து பிரஸ்ஸிலும் இடது பொத்தானைத் துணி நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒரு கை அழுத்தும்போதே மறு கை அடுத்த சட்டையை இழுத்துவிடலாம். மணிக்கு அறுபது சட்டை இல்லையென்றால் முதலாளிக்கு மூச்சே நின்றுவிடும்.

நாடா கட்ட மறுத்ததற்கான எச்சரிக்கைக் கடிதத்தோடு மேற்பார்வையாளர் ஐந்தாம் நம்பருக்கு வந்தாள். பன்னிரண்டு வருஷம் இதே பிரஸ்ஸில் நின்று மேலே போனவள். எல்லாருக்கும் அக்கா. ஐந்தாம் நம்பரில் நின்றவளை எல்லாரும் வாயாடி என்பார்கள்.

"கையெழுத்துப் போடு. இது மூணாவது. சீட்டுக் கிழிஞ்சிடும், தெரியும்ல?"

"போடுறேன்க்கா. முதல்ல நீங்களே உங்க கையால நாடாவைக் கட்டுங்க. 'நான்தான் கட்டச் சொன்னேன்'னு இதுலயே எழுதிக் கொடுங்க. அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"நீயா? வாயத் திறக்காம?" என்றாள் பக்கத்து பிரஸ்காரி. நாலு பேர் சிரித்தார்கள். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"கொழுப்புடி உனக்கு."

"என் கொழுப்பு இருக்கட்டும். போன மாசம் மூணாம் நம்பர்க்காரிக்கு ரெண்டு விரல் வெந்துச்சே, அன்னிக்கு என்ன எழுதினீங்க?"

கவனக்குறைவு என்று அக்கா எழுதியிருந்தாள். முதலாளி சொன்னார், எழுதினாள். அந்தப் பெண் வேலைக்கு வந்த முதல் நாள், நாடாவை நழுவாமல் முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்ததும் இவளேதான். அக்காவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

கடிதத்தைத் திருப்பிப் போட்டாள். 'இவள் சொல்வது உண்மை. கட்டச் சொன்னது நான். எனக்குச் சொன்னது முதலாளி.' எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பிறகு கத்தரிக்கோலை எடுத்து ஒவ்வொரு பிரஸ்ஸாகப் போய் நாடாக்களை வெட்டினாள். வெட்டியதையெல்லாம் குப்பைக்கூடையில் போட்டாள்.

மத்தியானத்துக்குள் கணக்கு மணிக்கு நாற்பது சட்டையாக இறங்கியது. முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

"உன்ன எதுக்கு மேல தூக்கி வச்சேன்? ஒரு பொம்பளைய அடக்கத் தெரியல?"

"அடக்கத் தெரியும் சார். அடக்க மாட்டேன்."

"அப்போ பழையபடி போய் பிரஸ்ல நில்லு."

"நிக்கிறேன். எனக்கென்ன, கால் பழகினதுதான்."

மறுநாள் காலை, விரல் வெந்தவள் போனபின் ஆளில்லாமல் கிடந்த மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில் அக்கா நின்றாள். அவள் மேசையில் முதலாளியின் மச்சினன் வந்து உட்கார்ந்தான். நேற்றுவரை பிரஸ் பக்கமே எட்டிப் பார்க்காதவன்.

பத்து மணிக்கு இரண்டு கடிதங்களோடு எழுந்து வந்தான். இரண்டிலும் 'ஒத்துழைக்க மறுப்பவர்' என்றே அச்சாகியிருந்தது, ஆள் பெயர் மட்டும் வேறு.

"ரெண்டு பேரும் வாங்கிக் கையெழுத்துப் போடுங்க."

வாயாடி திரும்பக்கூட இல்லை. "ரெண்டு கையும் வேலையா இருக்கு சார்."

"எனக்கும்தான்" என்றாள் அக்கா.

அவன் ஒன்றாம் நம்பர்க்காரியைப் பார்த்தான், ஆறாம் நம்பர்க்காரியைப் பார்த்தான். ஆறு பிரஸ்ஸிலும் பன்னிரண்டு கைகள் பொத்தான்மேல் இருந்தன. கடிதங்களை நீட்டியபடி அவன் நிற்க, நீராவியில் காகிதம் நனைந்து வளைந்தது.